மக்கா, பிரேக் ஆயில் மாத்தியாச்சா?

அன்புள்ள மக்கா,

உன் மெயில் வந்து பத்து நாளாச்சு, கோவிச்சுக்காதே. இங்கே ஆடி மழை இந்த வருஷம் விடாமல் பெய்தது, ரப்பர் பால் வெட்டுக்கு ஆள் வரவில்லை, அம்மாவுக்கு முட்டுவலி வேறு. இப்போதுதான் நாலு நாளாக வெயில் தலைகாட்டுகிறது. வீட்டில் எல்லோரும் சுகம். உன்னைப் பற்றி அம்மா அடிக்கடி கேட்பாள், "அந்தப் பயலுக்குக் கிழங்கும் சாளைக் கறியும்னா உயிருல்லா" என்று.

பழைய கார் வாங்கியிருக்கிறாய், சந்தோஷம். காலாண்டு விடுமுறைக்குப் பிள்ளைகளோடு அதிலேயே வந்து மலைமேல் கோதையாறு வரை போகலாம் என்று எழுதியிருந்தாய். டயர் புதுசு, ஏசி நல்லா இருக்கு, பிரேக் ஆயிலும் டப்பாவில் மேல்கோடு வரை நிற்குது, வண்டி பக்கா என்று ஒரு வரி. அந்த வரியைப் படித்ததும்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் வண்டியிலும் மேல்கோடு வரைதான் நின்றது. மூன்று வருஷம் முன்னால் மச்சான் குடும்பத்தோடு கீழ்க்கோதையாறு போய்விட்டுத் திரும்பினோம். வண்டியில் ஆறு பேர், டிக்கியில் ரெண்டு சக்கைப்பழம். பேசிச் சிரித்துக்கொண்டு, மூணாம் கியரில், இறக்கம் முழுக்க பிரேக்கில் காலை வைத்தபடியே வந்தேன், அது என் தப்புதான். பேச்சிப்பாறை வருவதற்குள் ஒரு வளைவில் மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகுது. மறுபடி மிதித்தேன், தரையைத் தொட்டது. ரெண்டாம் கியர், அப்புறம் முதல் கியர், ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி, இடது பக்கம் மண்திட்டில் உரசித்தான் நிறுத்தினேன். யாரும் சத்தம் போடவில்லை, பின்சீட்டில் சின்னவள் மட்டும் "அப்பா, ஏன் இங்க நிப்பாட்டின?" என்றாள்.

இதில் விசேஷம் என்னவென்றால், முக்கால் மணி நேரம் கழித்துப் பெடலை மிதித்தால் கல் மாதிரி நிற்குது! கசிவு இல்லை, ஆயில் குறையவில்லை. வழக்கமாக சர்வீஸ் விடுகிற இடத்தில் காட்டினேன், ஓட்டிப் பார்த்துவிட்டு ஒரு கோளாறும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். கடைசியில் மார்த்தாண்டத்தில் ஒரு பழைய மெக்கானிக், அண்ணாச்சி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள், ஒரே கேள்வி கேட்டார்: "ஆயில் எப்போ மாத்துனது?" எனக்குத் தெரியவில்லை. பின்சக்கரத்தில் ஆயிலை வெளியே விடுகிற நிப்பிளைத் திறந்து ஒரு கண்ணாடிக் குழாயை மாட்டினார், கடுங்காப்பி நிறத்தில் வந்தது. புது ஆயில் இளம் மஞ்சளாகத் தெளிவாக இருக்கும். "ஊத்தியிருக்கானுவ, மாத்தல்ல" என்றார்.

நம் அடுக்களையில் உப்புச் சிரட்டை மழைக்காலத்தில் கசியுமே, அதே கதைதான் இது. பிரேக் ஆயில் என்று நாம் சொன்னாலும் அது எண்ணெய் கிடையாது, காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கிற கிளைக்கால் திரவம். டாட் 4 என்கிற தரத்துப் புது ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது, 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்தக் கணக்கு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 3 என்றால் 205, 140. இறக்கத்தில் பிரேக் சூடாகி ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவி. திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும், அதனால் நீ மிதிக்கிற மிதி சக்கரத்துக்குப் போய்ச் சேராது. ஆறினதும் ஆவி திரும்பத் தண்ணீராகிவிடும், பெடலும் சாதுவாக நிற்கும். சென்னையிலிருந்து நீ வருகிற நாலுவழிச் சாலையில் இது தெரியவே தெரியாது.

இன்னொன்று, பிரேக் பேட் தேயத் தேய ஆயில் டப்பாவில் மட்டம் தானாக இறங்கும். இறங்கினால் பேட் தேய்ந்திருக்கும், இல்லை எங்கேயோ கசியும், ரெண்டில் ஒன்று. அதைப் பார்க்காமல் ஊற்றி நிரப்பினால் இருக்கிற அடையாளத்தையும் அழித்தது மாதிரி. என் வண்டியில் அப்படி நிரப்பி வைத்திருந்ததால், புது பேட் போட, பேடைத் தள்ளுகிற பிஸ்டனை உள்ளே தள்ளியபோது ஆயில் பொங்கி வழிந்து, பானெட்டுக்குக் கீழே கையகல பெயிண்ட் உரிந்தே போச்சு. சிந்தினால் துடைத்தால் போதாது, உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

மாற்றுவது பெரிய வேலை இல்லை. ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை அல்லது 40,000 கிலோமீட்டர், எது முதலில் வருதோ அது. ஒரு லிட்டர் தாராளம். மூடியிலேயே டாட் 3, டாட் 4 என்று போட்டிருக்கும், அதையே வாங்கு. டாட் 5 என்று தனியாக எழுதியிருப்பது சிலிக்கான், அதைக் கலக்கவே கூடாது. டாட் 5.1 வேறு, அது சிலிக்கான் இல்லை. ஏர் எடுக்கும்போது, அதாவது குழாயிலிருந்து காற்றை வெளியேற்றும்போது, ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் நிப்பிளைத் திறந்து மூடியபிறகுதான் காலை எடுக்க வேண்டும், மேலே டப்பா காலியாகக் கூடாது. ஆனால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏபிஎஸ் உள்ள வண்டி என்று எழுதியிருந்தாயே, நீயாகக் கை வைக்காதே. மெக்கானிக் பாதி மிஞ்சின பழைய டின்னை எடுத்து ஊற்ற வந்தால் தடுத்துவிடு, திறந்து வைத்த டின்னும் ஈரம் இழுத்திருக்கும்.

அங்கே நேரம் இல்லையென்றால் வண்டியை மெதுவாக இங்கே கொண்டு வந்துவிடு, அண்ணாச்சியிடம் சொல்லி வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, அதனால் சனிக்கிழமை காலையிலேயே வந்து சேர். திங்கட்கிழமை கோதையாறு போகலாம், இறக்கத்தில் நான் ஓட்டுகிறேன்.

உன் பழைய பெஞ்சு கூட்டாளி,
தக்கலை