திரித்துக் கூறினாரா, தவறாகக் கூறினாரா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பொதுவாழ்வில் இருப்பவர் ஒரு தகவலைப் பிசகாகச் சொல்லிவிட்டால், அது எத்தகைய பிசகு என்று பாராமலே 'திரித்துக் கூறினார்' என்று தலைப்பிடும் வழக்கம் நாளிதழ்களில் பெருகி வருகிறது. தங்கள் இதழும் இதற்கு விலக்கன்று என்பதே இக்கடிதத்தை எழுதத் தூண்டியது.

பால் திரிந்தது என்றால் யார் மீதும் பழியில்லை. திரித்தார் என்று பிறவினையாக்கியதும் அங்கே ஒருவருடைய கை வந்துவிடுகிறது. ஆகவே 'திரித்துக் கூறினார்' என்னும்போது, சொன்னது தவறு என்பதோடு, உண்மை இன்னதென அறிந்தே அவர் அதை மாற்றினார் என்ற குற்றச்சாட்டையும் சேர்த்தே அச்சிடுகிறோம்.

மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. பேச்சு வேகத்தில் ஒருவர் கொள்ளளவை 120 டி.எம்.சி. என்று சொல்லிவிட்டால், அடிக்கணக்கு டி.எம்.சி. கணக்கோடு கலந்துவிட்டது என்பது டெல்டா விவசாயிகளுக்குச் சொல்லாமலே விளங்கும். அதற்குத் 'தவறாகக் குறிப்பிட்டார்' என்பதே போதும். சரியான புள்ளிவிவரம் கையில் இருந்தும் தமக்கு வசதியாக அதை மாற்றிப் படித்தார் என்பதற்குச் சான்று இருந்தால், அப்போது 'திரித்தார்' என்று தயங்காமல் எழுதலாம்; எழுதவும் வேண்டும்.

இந்த வேறுபாட்டைச் சட்டமும் போற்றுகிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 227-ஆம் பிரிவின்படி, பொய்யென அறிந்தோ நம்பியோ, அல்லது மெய்யென நம்பாமலோ சொல்வதுதான் பொய்ச் சாட்சியம். வாய்தவறி வந்த சொல் அதில் அடங்காது.

நம் மொழியில் சொல்லுக்கா பஞ்சம்? நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை வகுத்த நன்னூல், குன்றக் கூறல், மிகைபடக் கூறல், மாறுகொளக் கூறல் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் தந்திருக்கிறது. பாதியை விட்டுவிட்டுச் சொன்னவரையும், கூட்டிச் சொன்னவரையும், முன்னுக்குப்பின் முரணாகச் சொன்னவரையும் ஒரே வினைக்குள் அடைப்பது, செய்தியின் துல்லியத்தையே குறைக்கிறது. 'குறைத்துக் கூறினார்', 'மிகைப்படுத்தினார்', 'முரணாகப் பேசினார்' ஆகியவை எல்லா வாசகருக்கும் புரியும் சொற்களே.

உள்நோக்கம் உறுதியாகாத இடங்களில் 'தவறாகக் கூறினார்' என்றே வெளியிடுமாறு வேண்டுகிறேன். திரித்ததாக எதிர்த்தரப்பினர் குற்றம்சாட்டினால், அது அவர்களுடைய கூற்று என்பது தலைப்பிலேயே தெரியட்டும். தலைப்பில் இடம் போதாது என்பதும் பொருந்தாது. இரு தொடர்களும் ஏறத்தாழ ஒரே நீளம்தான்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
தஞ்சாவூர்.