மல்லாட்டைப் பூஞ்சணம்

விழுப்புரம்
மார்கழி 2

அன்புள்ள செல்வி,

திட்டாதே. போன பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்துக்கு அடுத்த பொங்கல் வரும் நேரத்தில் பதில் போடுகிறேன். மாமியாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாக வசந்தி சொன்னாள், சந்தோஷம். வசந்தி மாறவே இல்லை, போனை வைக்க விட்டால்தானே. என் மகள் நலம், கணக்கில் என்னைப் போல. சரி, விஷயத்துக்கு வருகிறேன். எனக்கும் அம்மாவுக்கும் சண்டை. காரணம் பூஞ்சணம்.

சிரிக்காதே. தை விதைப்புக்கென்று கட்டி வைத்திருந்த மல்லாட்டை மூட்டை (உங்கள் கோயம்புத்தூரில் அது நிலக்கடலையாம், இருக்கட்டும்) கார்த்திகை மழையில் ஓடு ஒழுகி நனைந்துவிட்டது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. ஒரு காயை நசுக்கினால் உள்ளே பருப்பு சுருங்கி, தோலின் மேல் மஞ்சளும் பச்சையும் கலந்த பொடி. ஊதினால் பறக்கிறது. அம்மா திண்ணையில் முறத்தோடு உட்கார்ந்து மூன்று குவியல் போட்டிருந்தாள். ஒன்று விதைக்கு, ஒன்று செக்குக்கு, பூஞ்சணம் பிடித்ததெல்லாம் மாட்டுக்கு. ஒரு வாரமாக அந்த மூன்றாவது குவியல் தொட்டிக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அந்த மாட்டுப் பாலைத்தான் என் மகள் இரண்டு வேளையும் குடிக்கிறாள்.

கத்திவிட்டேன். பூஞ்சணம் செய்கிற அஃப்லடாக்சின் என்ற விஷம் மாட்டின் உடம்பில் உருமாறிப் பாலில் வரும், காய்ச்சினாலும் போகாது, கல்லீரலைக் கெடுக்கும் என்று வகுப்பில் சொல்வதையெல்லாம் வாசலில் நின்று சொன்னேன். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்தது பிரேசிலிலிருந்து போன மல்லாட்டைப் பிண்ணாக்கால்தான் என்பதையும் விடவில்லை. அம்மா கையை நிறுத்தாமல் கேட்டாள்: "சப்பான்காரன் சோத்துல பூஞ்சணத்த வளத்துத் திங்கிறான்னு போன மாசம் நீதான சொன்ன? அவனுக்கு ஒண்ணும் ஆவலையா?"

பதினெட்டு வருஷமாக நுண்ணுயிரியல் நடத்துகிறேன். வாயடைத்து நின்றேன்.

அன்று ராத்திரி தூக்கம் இல்லை. ஜப்பான்காரர்கள் சாகே, மிசோ, சோயா சாஸ் எல்லாவற்றுக்கும் வளர்ப்பது அஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே, அவர்கள் சொல்கிற கோஜிப் பூஞ்சணம். எங்கள் மூட்டையில் இருந்தது பார்த்த மாத்திரத்தில் அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ். இந்த இரண்டின் ஜீனோமையும், அதாவது மொத்த மரபணுத் தொகுப்பையும், பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சுமார் 99.5 சதவீதம் ஒன்றுபோலவே இருக்கிறது, செல்வி. ஒன்றை 2006இல் ஜப்பானில் 'தேசியப் பூஞ்சை' என்று அறிவித்துக் கொண்டாடினார்கள். மற்றதன் விஷம் அளவு மீறினால் கப்பலேறிய மல்லாட்டையே திரும்பி வருகிறது.

இப்போது இதைக் கேள். 2005 டிசம்பரில் நேச்சர் இதழில் மூன்று அஸ்பெர்ஜில்லஸ் ஜீனோம்கள் ஒன்றாக வெளிவந்தன. நீ அப்போது வங்கித் தேர்வுக்கு மனப்பாடம் செய்துகொண்டிருந்தாய், உனக்கு எங்கே தெரியும்? நிடுலன்ஸ், ஃபியூமிகேட்டஸ், ஒரைசே. மூன்றுக்கும் பொதுவாக உள்ள புரதங்களை ஒப்பிட்டால் சராசரி ஒற்றுமை 68 சதவீதம்தான். மனுஷனுக்கும் மீனுக்கும் இடையே உள்ள தூரம்! நாம் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தது என்ன? ஒரு காம்பு, நுனியில் ஓர் உருண்டை, அதைச் சுற்றிச் சரம் சரமாக வித்துகள். எல்லாம் ஒரே பேரினம் என்று எழுதி மார்க் வாங்கிவிட்டோம். மனுஷனையும் மீனையும் ஒரே பெயரில் அடைத்துவிட்டு, கூடப்பிறந்த இரண்டு பேருக்குத் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறோம். ஒருவன் சமையலுக்கு உதவுகிறான், இன்னொருவன் கொல்கிறான் என்பதைத் தவிர அந்தப் பிரிவினைக்குப் பெரிய நியாயம் எனக்குத் தெரியவில்லை.

அந்த நியாயமும் சரியாக நிற்கவில்லை. விஷம் செய்கிற ஜீன்கள், ஏறக்குறைய 25, மூன்றாவது குரோமோசோமின் ஓரத்தில் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. ஒரைசேயில் அந்த வரிசையே இருக்காது என்றுதானே நினைப்பாய்? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். முதலில் படிக்கப்பட்ட ஆர்ஐபி 40 என்ற கோஜி ரகத்தில் அது கிட்டத்தட்ட முழுசாகவே இருக்கிறது. அங்கங்கே ஒரு துண்டு விழுந்திருக்கிறது, ஓர் எழுத்து மாறியிருக்கிறது, மற்ற ஜீன்களை எழுப்பிவிட வேண்டிய ஜீன் எழுந்திருப்பதில்லை. பாட்டியின் கைப்பக்குவமெல்லாம் நோட்டில் இருக்கிறது, அடுப்புப் பற்றவைக்க ஆள் இல்லை. வேறு சில கோஜிகளில் வரிசையின் பெரும்பகுதி காணோம். அந்தப் பக்கம் போனால், ஃபிளேவஸிலேயே விஷமே செய்யாதவை உண்டு. அமெரிக்காவில் ஜார்ஜியாவில் ஒரு மல்லாட்டையிலிருந்து எடுத்த ஒன்று அந்த வரிசை முழுவதையும் தொலைத்துவிட்டது. அதையே இப்போது வயலில் தூவுகிறார்கள், விஷக்காரனுக்கு இடம் கிடைக்காமல் செய்ய. அதற்குப் பெயர் இன்னும் ஃபிளேவஸ்தான்!

எனக்கு மிகவும் பிடித்த இடம் வேறு. ஆர்ஐபி 40இல் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கிற அமிலேஸ் ஜீன் மூன்று இருக்கிறது, மூன்றும் ஏறக்குறைய ஒரே அச்சு. யாரும் ஜீனைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை. எந்தத் தொட்டியில் சோறு நன்றாக இனித்ததோ அதிலிருந்து வித்து எடுத்து வைத்தார்கள், நாம் விதைநெல் எடுத்து வைப்பதுபோல. இதைப் படித்தபோது அம்மாவின் முறம்தான் கண்ணில் வந்தது.

மறுநாள் காலை காபியோடு போய்ச் சொன்னேன்: "அவன் வளக்குறது பல தலைமுறையா பொறுக்கிப் பொறுக்கி எடுத்த சாதும்மா. நம்ம மூட்டையில வந்து குந்தியிருக்கறது யாருன்னு நமக்குத் தெரியாது. பாத்தா ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கும்." அம்மா கொஞ்சநேரம் காயைப் பார்த்தாள். "இத நேத்தே சொல்லியிருக்கலாமே, எதுக்குக் கத்துன?" என்றாள். மூன்றாவது குவியலைக் கொல்லையில் குழி வெட்டிப் புதைத்தோம். செக்குக் குவியலுக்கு இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது. அந்தத் தீனியை நிறுத்தினால் சில நாளில் பாலில் குறைந்துவிடும். இருந்தாலும் பத்து நாளாகப் பாக்கெட் பால்தான். மகள் அதைக் குடிக்க ஆடுகிற நாடகம் தனிக் கதை.

உன்னிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். அப்பா கசக்கிற மல்லாட்டையைக்கூடத் துப்பமாட்டார், உனக்கு நினைவிருக்கும். பஸ்ஸில் நாமெல்லாம் ஜன்னல் வழியாகத் துப்புவோம், அவர் மென்று விழுங்கிவிட்டு நம்மைப் பார்த்துச் சிரிப்பார். அவருக்குக் கல்லீரலில்தான் வந்தது. எதனால் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை, இரண்டையும் முடிச்சுப் போட எனக்கும் ஆதாரம் கிடையாது. அம்மாவிடம் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. குழியை மூடும்போது அம்மாவும் ஒன்றும் பேசவில்லை.

அப்புறம், ஒரு வேலை. நம் பிராக்டிகல் ரெக்கார்டு உன் பரண்மேல்தானே கிடக்கிறது? அன்று ஒரைசே கல்ச்சர் வளரவில்லையென்று ஃபிளேவஸ் படத்தையே ஜன்னல் கண்ணாடியில் வைத்து அச்செடுத்து, கீழே பெயரை மட்டும் மாற்றி எழுதினாயே. கண்ணாடி மேடம் இரண்டாவதற்கு ஒரு மார்க் கூடவே போட்டார்கள். அந்த இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பு. திங்கட்கிழமை வகுப்பில் காட்ட வேண்டும். உன் பெயரைச் சொல்லமாட்டேன்.

பொங்கலுக்கு வந்தால் சொத்தை இல்லாத மல்லாட்டை அவித்துத் தருகிறேன்.

உன்
மங்கை