பொருள்: டைனமிக் மைக்குக்குப் பணம் பெற்றுக்கொண்டு கண்டென்சர் மைக் அனுப்பியது தொடர்பான புகார்

பெறுநர்:
குறைதீர் அலுவலர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். உங்கள் நிறுவனத்தில் யார் யாரிடமோ பேசிக் களைத்த பிறகு இதை எழுதுகிறேன். ஒவ்வொருவரும் கதையை முதலிலிருந்து சொல்லச் சொன்னார்கள், கேட்டுவிட்டு "மேலே தெரிவிக்கிறோம்" என்றார்கள். அந்த மேலே இருப்பவர் நீங்கள்தான் என்று நம்புகிறேன். ஆர்டர் எண்ணும் மாடலும் முந்தைய மின்னஞ்சல்களில் இருக்கின்றன. உங்கள் சரக்கு எது என்று உங்களுக்கே தெரியும்.

நான் கேட்டது டைனமிக் மைக். பணம் கட்டியதும் அதற்குத்தான், ரசீதில் அச்சாகியிருப்பதும் அதுதான். வந்தது கண்டென்சர் மைக். மாற்றித் தருகிறோம் என்பதைத் தவிர இதற்கு வேறு என்ன பதில் இருக்க முடியும் என்று நினைத்தேன்.

இருக்கிறது என்று காட்டினார் உங்கள் தொலைபேசிப் பிரிவு இளைஞர் ஒருவர். "கண்டென்சர் உயர்ந்த ரகம் சார், உங்களுக்கு லாபம்தானே, எதற்குக் கத்துகிறீர்கள்?" என்று இந்தியில் கேட்டார். அதுவரை நான் கத்தவில்லை. இந்த மைக்கில் ரயில் சத்தமெல்லாம் பதிவாகிறது என்று மட்டும் சொன்னேன். "அப்படியென்றால் வீட்டை மாற்றுங்கள்" என்று சிரித்துவிட்டு அழைப்பைத் துண்டித்தார். மும்பையில் வீடு மாற்றுவது சட்டை மாற்றுவதா ஐயா? டெபாசிட்டும் தரகர் கமிஷனும் உங்கள் நிறுவனம் கொடுக்குமா? உரையாடல்கள் பதிவு செய்யப்படும் என்று நீங்கள்தானே ஒவ்வொரு முறையும் அறிவிக்கிறீர்கள்? அதைத் தேடி எடுத்து, அந்தச் சிரிப்பு வரும் இடம் வரைக்கும் தயவுசெய்து கேளுங்கள்.

சயான் ஸ்டேஷனுக்குப் பின்னால் குடியிருக்கிறேன். தமிழ்ப் புத்தகங்களை ஒலிநூலாக வாசித்துக் கொடுப்பது என் பிழைப்பு. இந்த அறைக்கு எது ஒத்துவரும் என்று நன்றாக விசாரித்துத்தான் டைனமிக் கேட்டேன். காந்தப் புலத்துக்குள் ஒரு கம்பிச்சுருள் அசைந்து மின்சாரம் உண்டாக்கும் மைக் அது. வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்க வேண்டியதில்லை. கோயில் திருவிழா மேடைகளில் கைதவறிக் கீழே விழுந்தாலும் எடுத்துத் துடைத்துவிட்டு மேலே பாடுகிறார்களே, பெரும்பாலும் அந்த வகைதான். உணர்திறன் குறைவு, வாய்க்கு நாலு விரல் தூரத்தில் வைத்துப் பேசினால்தான் குரல் நிறைவாக விழும். மற்றவர்களுக்கு அது குறையாக இருக்கலாம். ரயில் பாதையோரம் இருப்பவனுக்கு அதுவே வரம். கண்டென்சரில் மின்னேற்றப்பட்ட மெல்லிய சவ்வு இருக்கிறது, அதற்குப் பின்னால் ஒரு தகடு. இம்மி அசைவையும் அது விடாது. சுவரெல்லாம் ஒலி அடக்கிய ஸ்டுடியோவில் வீணைக்கு முன்னால் வைத்தால் அழகாகத்தான் இருக்கும். நான் மறுக்கவில்லை. 1916-லேயே உருவான மைக் அது. நூறாண்டாக ஊருக்கே தெரிந்த வேறுபாடு, விற்கும் உங்களுக்குத் தெரியாதா?

பார்சலைப் பிரித்து மாட்டியபோது சத்தமே வரவில்லை. பெட்டியின் அடிப்பக்கத்தில், 48 வோல்ட் ஃபேண்டம் பவர், அதாவது கேபிள் வழியாகவே மைக்குக்குக் கொடுக்கும் மின்சாரம், தேவை என்று பொடி எழுத்தில் இருந்தது. அதற்கான பொத்தானை அழுத்தியதும் சிவப்பு விளக்கு எரிந்தது, சயான் முழுவதும் ஹெட்போனுக்குள் வந்து இறங்கியது. மேல்மாடிக் குக்கரின் விசில், ஜன்னல் தகரத்தில் புறா நடக்கும் நகச்சத்தம், எல்லாம். கதாநாயகி பதில் சொல்லாமல் நிற்கும் இடத்தில் தானே நகருக்குச் செல்லும் ரயிலுக்கான அறிவிப்பு கேட்கிறது. கெயினை, அதாவது மைக் ஒலியைப் பெருக்கும் அளவை, குறைக்கச் சொல்லி உங்கள் மின்னஞ்சல் ஒன்று யோசனை சொன்னது. குறைத்தால் ரயில் மட்டுமா குறையும்? என் குரலும் கூடவே குறையும்.

அடுத்து, நேரில் கொண்டுவாருங்கள் என்றீர்கள். கொட்டும் மழையில் தாதரில் வண்டி மாறி, கிராண்ட் ரோட்டில் இறங்கி, லாமிங்டன் ரோட்டில் முழங்கால் நனைய நடந்தேன். கண்டென்சருக்கு ஈரம் ஆகாது என்பதால், வேண்டாத அந்த மைக்கை இரண்டு பிளாஸ்டிக் பைகளில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனேன். சாப்பாட்டு நேரம் என்று ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. வெளியிலேயே நின்றேன். பிறகு வந்த டெக்னீஷியன் அதை மாட்டி இரண்டு முறை "ஹலோ" சொன்னார், "பழுது இல்லை" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். பழுதில்லாத பொருளைத் திரும்பப் பெறுவதில்லையாம். பழுது என்று நான் எப்போது சொன்னேன்? வேறு மைக் என்றல்லவா சொன்னேன்!

டைனமிக் மைக்குக்குக் கெயின் கூடுதலாக வேண்டும் என்று 60 டெசிபல் வரை தரும் இன்டர்ஃபேஸை, அதாவது மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டியை, முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தேன். அந்தப் பணமும் முடங்கிக் கிடக்கிறது. ஒப்புக்கொண்ட நாவலைக் கெடுவுக்குள் முடிக்க முடியவில்லை. அந்தப் பதிப்பகம் இனி என் பக்கம் திரும்பியும் பார்க்காது. ஒரு வருடப் பிழைப்பில் மண் விழுந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

உங்களோடு சண்டை போடுவது என் நோக்கமல்ல. உங்கள் டைனமிக் மைக் நல்ல மைக் என்று கேள்விப்பட்டுத்தான் வந்தேன், இப்போதும் அதைத்தான் கேட்கிறேன். ஆனால் 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் அது கிடைத்ததாக நீங்கள் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். 48 வோல்ட்டில் காட்டிய தாராளத்தை 48 மணி நேரத்தில் காணவில்லை. அடுத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த பொருளுக்கு அங்கே கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. எனக்கு நன்றாக வாசிக்க வரும், என் வழக்கை நானே வாசித்துக்கொள்வேன்.

ரசீதில் உள்ள மைக்கை அனுப்புங்கள், அல்லது முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுங்கள். இந்த மைக்கை எடுத்துப்போக ஆள் அனுப்புங்கள், இன்னொரு முறை லாமிங்டன் ரோட்டுக்கு நான் வருவதாக இல்லை. மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. எந்த நேரத்திலும் வரலாம், பதிவு வேலை எதுவும் இல்லாததால் நான் வீட்டில்தான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
ரசீதில் உள்ள பெயருக்கு உரியவன்,
சயான், மும்பை