163 நாள் கணக்கு

கோபிசெட்டிபாளையம்,
வைகாசிக் கடைசி

அன்புள்ள பழனிசாமிக்கு,

ஏழு மாசமாக ஒரு வரி எழுதவில்லை என்று நீ போனில் கத்தியது நியாயம்தான். ஆனால் தினமும் காலையில் ரோஜாப்பூவும் குட்மார்னிங்கும் அனுப்புவதைக் கடிதப் போக்குவரத்தில் சேர்க்காதே மாப்ளே. நீ அனுப்பிய முருகன் படங்களை அழித்து அழித்தே என் போன் தேய்ந்துவிட்டது.

இங்கே எல்லாரும் சௌக்கியம். மழை இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. பி.டி. மாஸ்டரைப் போன வாரம் கொடிவேரியில் பார்த்தேன். உன்னைப் பற்றி அதே கேள்வியைத்தான் கேட்டார், நானும் அதே பொய்யைத்தான் சொன்னேன். சரி, விஷயத்துக்கு வருகிறேன். இதைப் போனில் சொன்னால் நீ "சரி சரி, பாத்துக்கலாம்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

சரசு செத்துப் பிழைத்தாள்.

சித்திரையில் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது "வயித்து வலி, இப்ப தேவலை" என்றுதான் உனக்குச் சொன்னேன். அது அவ்வளவு சின்ன விஷயம் இல்லை. உன்னிடம் மறைத்ததற்குக் காரணம் உன் பி.பி. மட்டுமில்லை, என் வெட்கமும்தான். ஏன் என்று படித்தால் உனக்கே தெரியும்.

ஐப்பசி முடிகிற சமயம், ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்த ராத்திரி, வலது பக்க விலாவுக்குக் கீழே முதல் வலி. ரெண்டு மணி நேரத்தில் நின்றுவிட்டது. கேஸ் என்றாள். நானும் கேஸ் என்றேன். மருந்துக்கடைக்காரரும் கேஸ் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். மூணாவது தடவை வலி வந்தபோதுதான் எங்கள் பாப்பா கோயமுத்தூரிலிருந்து போனில் சத்தம் போட்டு ஸ்கேன் எடுக்க வைத்தாள். பித்தப்பை நிறையக் கல். கொண்டைக்கடலை அளவில் ஒன்றுகூட இல்லை, எல்லாம் ராகி, கடுகு அளவு. "வலி வர ஆரம்பிச்சாச்சு, எடுத்துருங்க. துளை போட்டுப் பண்றதுதான், மறுநாளே வீட்டுக்குப் போயிரலாம்" என்றார் ஸ்கேன் பார்த்த டாக்டர்.

நான் அவளுக்கு என்ன ஆறுதல் சொன்னேன் தெரியுமா? "பொடிக்கல்தானே சரசு, பெருசா இருந்தாத்தான் பயம்."

அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று பிறகுதான் தெரிந்தது. பெரிய கல் பெரும்பாலும் பையிலேயே கிடக்கும். பொடிக்கல்தான் நழுவிக் குழாயில் இறங்கும். அந்தப் பித்தக்குழாயும் கணையத்தின் குழாயும் குடலுக்குள் போகிற இடம் ஒன்றேதான். அங்கே போய் ஒரு கடுகு அடைத்தால், உண்ட சோற்றைக் கரைக்க வேண்டிய கணையநீர் கணையத்தையே கரைக்க ஆரம்பிக்கும். அதுதான் நடந்தது.

பங்குனியில் பண்ணாரி அம்மன் கோயிலில் குண்டம் இறங்கி, தீ மிதித்துவிட்டு வந்தாள். சித்திரையில் வீட்டுக்கு வந்த ஒரம்பரைக்குக் கறிவிருந்து. மறுநாள் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து உட்கார்ந்தவள், முதுகுவரை ஆணி அடிக்கிற மாதிரி இருக்கிறது என்று குனிந்தபடியே கிடந்தாள். ஓயாத வாந்தி. 108 வந்தது. ஆம்புலன்ஸில் ரெண்டு மணி நேரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அவிநாசியைத் தாண்டும்போது நான் எந்தச் சாமியைக் கும்பிட்டேன் என்று எனக்கே நினைவில்லை. கணையத்திலிருந்து வருகிற லைபேஸ் என்று ஒன்றை ரத்தத்தில் பார்த்தார்கள், ஆயிரத்தைத் தாண்டி இருந்தது. ஐ.சி.யு.வில் அஞ்சு நாள். முதல் ரெண்டு நாள் வாயில் பச்சைத் தண்ணீர் இல்லை, நரம்பில் மட்டும் பாட்டில் பாட்டிலாக ஏறியது. மூணாம் நாள் மூச்சு வாங்கியபோது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் சொன்னதை எழுத மாட்டேன்.

தேறிவிட்டாள். வீட்டுக்கு அனுப்பும் முன்னாலேயே அதே சேர்க்கையில் பித்தப்பையையும் எடுத்துவிட்டார்கள். "போயிட்டு ஒரு மாசம் கழிச்சு வரட்டுங்களா?" என்று நான் வழக்கம்போல ஆரம்பித்ததும் பாப்பா முறைத்தாள். நெதர்லாந்தில் இதற்கென்றே ஓர் ஆய்வு நடத்தி 2015இல் வெளியிட்டிருக்கிறார்களாம். கல்லால் கணையம் லேசாக வீங்கித் தேறியவர்களில், அந்தச் சேர்க்கையிலேயே பையை எடுத்தவர்களில் 100க்கு 5 பேருக்குத்தான் மறுபடி தொந்தரவு வந்ததாம். வீட்டுக்கு அனுப்பிச் சில வாரம் கழித்து வரச் சொன்னவர்களில் 100க்கு 17 பேர். வெறும் சில வாரம் மாப்ளே!

வீட்டுக்கு வந்த பிறகு எனக்குத் தூக்கம் இல்லை. மில்லில் முப்பத்திரண்டு வருஷம் கணக்கு எழுதிய கை. ஒரு ராத்திரி பழைய டைரியை எடுத்து, முதல் வலி வந்த நாளிலிருந்து ஆம்புலன்ஸ் வந்த நாள்வரை எண்ணினேன். 163 நாள். அதை யார் யார் தலையில் எழுதுவது என்று பிரித்துப் பார்த்தேன்.

கேஸ் மாத்திரையில் போனது 23 நாள். அது எங்கள் பற்று. அப்புறம் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் காட்டினோம். சர்க்கரை ரொம்பக் கூடியிருக்கிறது, குறைத்துக்கொண்டு வாருங்கள் என்றார்கள். அதில் 41 நாள். இதில் எனக்குக் குறை இல்லை. அந்தச் சர்க்கரையோடு கத்தி வைத்தால் புண் ஆறாது, சீழ் பிடிக்கும். காத்திருப்பது எல்லாமே கெடுதல் இல்லை என்பதற்காக இதையும் எழுதுகிறேன். வலியே தராத கல்லை நிறையப் பேர் சாகும்வரை வயிற்றில் வைத்துக்கொண்டு நன்றாகவே இருக்கிறார்கள், அதைப் பெரும்பாலும் எடுக்க வேண்டியதில்லை என்றும் அந்த ஆஸ்பத்திரி டாக்டர்தான் சொன்னார்.

பொங்கலுக்கு முந்தின நாள் சர்க்கரை இறங்கிவிட்டது. அன்றே போயிருக்கலாம். ஆனால் ஒன்றரை ஏக்கர் மஞ்சள் வெட்டுக்கு நின்றது. ஆளுக்குச் சோறு ஆக்க வேண்டும், வேகவைக்க வேண்டும், காயப்போட வேண்டும். "மஞ்சளை ஏத்தி அனுப்பிட்டுப் போலாங்" என்றாள். நான் தலையாட்டினேன். 44 நாள்.

பிறகு போனால் காப்பீட்டு அட்டையில் சரஸ்வதி, ஆதாரில் சரசுவதி. கலைஞர் காப்பீடு என்று 2009இல் வந்தபோது போட்டோ எடுத்தோமே, அந்தக் காலத்துப் பிழை. குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம்வரை கொடுக்கிற திட்டம் ஒரு 'ஸ்'ஸில் மாட்டிக்கொண்டது. 9 நாள். சரியானதும் தேதி கொடுத்தார்கள். காலையிலிருந்து பட்டினியாக, பச்சை கவுன் போட்டுப் படுக்க வைத்த பிறகு, பைபாஸில் வேன் கவிழ்ந்து ஏழு பேர் வந்துவிட்டார்கள். தியேட்டர் அவர்களுக்குப் போனது. யாரைக் கோபிப்பது? ரத்தம் கொட்டுகிறவனை நிறுத்திவிட்டு இவளை எடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அடுத்த தேதி 17 நாள் தள்ளிப் போனதும், அதைக்கூட நாங்கள் மூணு கவுண்டர் ஏறி இறங்கித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்ததும் எனக்கு இன்னும் எரிகிறது. "வலி வந்தா என்ன பண்றது, எப்ப உடனே ஓடி வரணும்" என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுக்கக்கூட ஆள் இல்லை.

சரி, அந்த 17 நாளும் முடிந்து தேதி வந்தது. வந்தது குண்டத்தோடு. வேண்டுதல். தள்ளிப்போட்டோம். அதில் 29 நாள்.

கூட்டிப் பார். ஆஸ்பத்திரியின் பேரில் 67. எங்கள் பேரில் 96.

நான் இந்த ஆறு மாசமும் டீக்கடையில் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்காரர்களைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

நீ இங்கிலாந்தில் செந்தில் வீட்டுக்குப் போய் அஞ்சு மாசம் இருந்துவிட்டு வந்து சொன்னாயே, பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மா முழங்கால் மாற்ற ஒன்றரை வருஷமாகக் காத்துக் கிடக்கிறாள் என்று. அப்போது சிரித்தேன். இப்போது பாப்பாவிடம் கேட்டுப் படித்தேன். அங்கே 18 வாரத்துக்குள் வைத்தியம் தொடங்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. இருந்தும் இங்கிலாந்தில் 2023இல் வரிசை 77 லட்சத்தைத் தொட்டிருக்கிறது. அது ஆள் கணக்கு இல்லை, ஒரே ஆள் ரெண்டு வைத்தியத்துக்கு நின்றால் ரெண்டாக எழுதுவார்கள். அந்த அம்மாவுக்கு அந்த ஒன்றரை வருஷத்தில் முழங்கால் மட்டுமா தேய்ந்திருக்கும்? நடக்காமல் தொடைச் சதை வற்றும், உடம்பு பெருக்கும், சர்க்கரை ஏறும், வலி மாத்திரை கிட்னியைத் தட்டும், வீட்டுக்குள்ளேயே கிடந்து மனசும் கெடும். அப்புறம் ஆபரேஷன் பண்ணினாலும் முன்னாலேயே பண்ணியவரைப் போல எழுந்து நடப்பது கஷ்டம்.

ஆனால் ஒன்று, அங்கே எண்ணுகிறார்கள். இத்தனை லட்சம், இத்தனை வாரம் என்று பேப்பரில் போட்டு மந்திரியைக் கேள்வி கேட்கிறார்கள். நம்மூரில் ஆஸ்பத்திரி வாசலில் நின்ற நாளைக்கூட யாரும் எண்ணுவதில்லை. மஞ்சள் வெட்டையும் மார்கழியையும் ஆடியையும் மகள் கல்யாணத்தையும் எந்தக் கணக்குப்பிள்ளை எழுதுவான்?

மகள் கல்யாணம் என்றதும் ஜவுளிக்கடை அக்கா ஞாபகம் வருகிறது. உனக்குத் தெரிந்தது பாதிதான். மார்பில் கட்டி தட்டுப்பட்டது புரட்டாசியில். "பொண்ணு கல்யாணம் முடியட்டும், இப்பச் சொன்னா சம்பந்தி வீட்டுல என்ன நினைப்பாங்க" என்று எட்டு மாசம் யாரிடமும் வாயே திறக்கவில்லை. கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது, நீயும் நானும் பந்தியில் மூணு தடவை ரசம் வாங்கினோம். நமக்குப் பரிமாறச் சொல்லிக்கொண்டு நின்றபோதே அது அக்குளுக்குப் பரவியிருந்தது. புற்றுநோய் அறுவை சிகிச்சை நாலு வாரம் தள்ளிப்போனால், ஒவ்வொரு நாலு வாரத்துக்கும் சாகிற அபாயம் 6 முதல் 8 சதவீதம் கூடுகிறது என்று 2020இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்திருக்கிறது. அக்கா தள்ளிப்போட்டது எட்டு மாசம். போன மாசம் பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். அந்தப் பெண் வளைகாப்புப் போட்ட கையோடு மூலையில் உட்கார்ந்திருந்தது.

இப்போது உன் விஷயம். ஓடாதே, உட்கார்.

உன் ஹெர்னியாவுக்கு, அதுதான் அந்தக் குடலிறக்கத்துக்கு, மூணு வருஷம் ஆகிறது. அந்தப் பெல்ட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தாராபுரம் சந்தையில் மாடு பார்க்கிறாய். நான் ஒருதலையாகப் பேசவில்லை. உன் கட்சிக்கும் ஆதாரம் தேடிப் பார்த்தேன், இருக்கிறது. அமெரிக்காவில் 720 ஆண்களை வைத்து ஓர் ஆய்வு, 2006இல் வந்தது. தொந்தரவு அதிகமில்லாத குடலிறக்கத்தைச் சும்மா கவனித்துக்கொண்டு இருந்தால், அவசரமாகச் சிக்கிக்கொள்வது வருஷத்துக்கு ஆயிரம் பேரில் ரெண்டு பேருக்கும் குறைவுதான். உடனே மீசையை முறுக்காதே. அதே ஆட்களைப் பத்து வருஷம் கழித்துப் பார்த்தால் மூணில் ரெண்டு பேர், பெரும்பாலும் வலி தாங்காமல், ஆபரேஷனுக்குப் போயிருக்கிறார்கள். அதோடு அது 'தொந்தரவு அதிகமில்லாத' ஆட்களைப் பற்றியது. உனக்கு இப்போது இருமினால் இறங்குகிறது. முன்பெல்லாம் படுத்தால் தானாக உள்ளே போகும் என்பாய். மாசி மாசம் நீ வந்திருந்தபோது திண்ணையில் படுத்துக் கையால் அரை மணி நேரம் அமுக்கிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். நீ நான் தூங்குகிறேன் என்று நினைத்தாய்.

அது ஒருநாள் உள்ளே போகாமல் நின்றுவிட்டால், சிக்கிய குடலுக்கு ரத்தம் ஓடாது. அப்புறம் மணிக்கணக்குத்தான் இருக்கிறது, மாசக்கணக்கு இல்லை. அழுகிய குடலை வெட்டித்தான் எடுக்க வேண்டும். உன் தோட்டத்துச் சாளையிலிருந்து மண்ரோடு தாண்டித் தார்ரோட்டுக்கு வருவதற்கே எவ்வளவு நேரம் ஆகும் என்று நீயே யோசி. தங்கச்சி ஒருத்தி உன்னைத் தூக்க முடியுமா? அவளிடம் நீ இதைச் சொல்லியிருக்கவே மாட்டாய் என்று எனக்குத் தெரியும். சரசு நேற்றே போனில் சொல்லிவிட்டாள். திட்டு விழுந்திருந்தால் இங்கே கணக்கில் எழுதிக்கொள்.

ஆடி வருகிறது. "ஆடி கழியட்டும்" என்பாய். ஆவணியில் முகூர்த்தம், புரட்டாசியில் விரதம், ஐப்பசியில் தீபாவளி. இந்தப் பஞ்சாங்கம் எனக்கு மனப்பாடம்.

சரசு இப்போது ரெண்டு இட்லி சாப்பிடுகிறாள். ஏழு கிலோ இளைத்துவிட்டாள், ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று இருக்கிறது. நேற்று என்னிடம், "குண்டத்துக்கு முன்னாடியே போயிருந்தா ஆத்தா ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாளுங்" என்றாள். நான் பதில் சொல்லவில்லை.

ஆனி பத்து தேதிவாக்கில் சர்ஜரி ஓ.பி. பார்க்கலாம் என்று பாப்பா சொல்லியிருக்கிறாள். முந்தின நாள் ராத்திரியே இங்கே வந்துவிடு, தங்கச்சியையும் கூட்டி வா. பழைய ஸ்கேன், பி.பி. மாத்திரைச் சீட்டு, ஆதார், காப்பீட்டு அட்டை எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக்கொள். அட்டையில் பழனிசாமியா பழனிச்சாமியா என்று இன்றைக்கே எடுத்துப் பார். பீடியை இந்தக் கடிதம் படிக்கிற இடத்திலேயே நிறுத்து. இருமலுக்கு முதலில் டாக்டரைப் பார்த்து மாத்திரை வாங்கிச் சாப்பிடு. இருமிக்கொண்டே வந்து நின்றால் மயக்க டாக்டர் திருப்பி அனுப்பிவிடுவார், நீ அதையே சாக்காக வைத்து இன்னும் மூணு வருஷம் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு திரிவாய்.

உன்,
குழந்தைவேலு