போர் இல்லாத வருஷத்தில் அடிமை எங்கிருந்து வந்தான்?

வரலாற்றுப் பாடநூல் எழுதும் ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

என் வீட்டுத் திண்ணையில் சாயங்காலம் ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். போன வாரம் மெசபடோமியா, அதாவது இன்றைய ஈராக் பக்கத்துப் பழைய நாகரிகம். சிகுராத் என்ற படிக்கட்டுக் கோயில் கோபுரம், ஆப்பு வடிவ எழுத்து, வாய்க்கால் பாசனம் எல்லாம் மடமடவென்று ஓடின. ‘போரில் பிடிபட்டவர்கள் அடிமைகளாக்கப்பட்டனர்’ என்ற ஒற்றை வரியில் மாட்டிக்கொண்டேன். "போர் நடக்காத வருஷத்துல அடிமை எங்கிருந்து சார் வருவாங்க?" என்றாள் ஒரு பெண். கையிலிருந்த புத்தகத்தில் பதில் இல்லை.

அந்த வரி பொய்யில்லை. மெசபடோமியாவின் தெற்கே வாழ்ந்த சுமேரியர் எழுத்திலேயே அதற்குத் தடயம் உண்டு. பெண்ணைக் குறிக்க ஒரு முக்கோணம், உள்ளே சின்னக் கோடு. மலையைக் குறிக்க மூன்று மேடுகள். இரண்டையும் சேர்த்து எழுதினால் அடிமைப் பெண். கிழக்கே மலைப்பக்கத்திலிருந்து பிடித்து வரப்பட்டவள் என்று அறிஞர்கள் விளக்குகிறார்கள். கி.மு. 3000-க்கு முன்பே உருக் நகரத்துக் களிமண் பலகைகளில் இந்தக் குறி வந்துவிடுகிறது. அந்தப் பலகைகளில் பெரும்பாலானவை கணக்குச் சிட்டைகள். ஆட்டுக்கும் பார்லிக்கும் கணக்கு எழுதிய கைதான் ஆளுக்கும் எழுதியது.

ஆயிரம் வருஷம் கழித்து, ‘ஊர்’ என்றே பெயர் கொண்ட சுமேரிய நகரத்து அரசர்களின் நெசவுக்கூடங்களில் ஆயிரக்கணக்கான பெண்கள். எல்லாரும் விலைக்கு வாங்கப்பட்டவர்கள் அல்ல. ஆனால் ஏட்டில் அவர்களுக்கும் அதே குறிதான். ஆணுக்கு மாதம் 60 சிலா பார்லி என்றால் பெண்ணுக்குப் பெரும்பாலும் 30. ஒரு சிலா ஏறக்குறைய ஒரு லிட்டர்.

சரி, போர் இல்லாத வருஷம்? அப்போது கடன் இருந்தது. கி.மு. 18ஆம் நூற்றாண்டு பாபிலோன் மன்னன் ஹம்முராபியின் சட்டத்தில் பார்லிக் கடனுக்கு வட்டி மூன்றில் ஒரு பங்கு. ஒரு போகம் பொய்த்தால் வட்டியே குடும்பத்தை விழுங்கிவிடும். கடனுக்காக மனைவி, மகன், மகளை விற்றால் அவர்கள் மூன்று வருஷம் உழைக்க வேண்டும், நாலாம் வருஷம் விடுதலை என்கிறது 117ஆம் விதி. இப்படி ஒரு வரம்பு கட்ட வேண்டி வந்ததென்றால் அதற்கு முன் எப்படி இருந்திருக்கும் என்று பிள்ளைகளே ஊகித்துக்கொள்வார்கள். அதற்கும் பல நூற்றாண்டு முன்னால், கி.மு. 2400 வாக்கில், லகாஷ் என்ற சுமேரிய நகரத்து மன்னன் என்மெதேனா ‘அமர்கி’ அறிவித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. விடுதலை என்று பொருள். சொல்லுக்குச் சொல் பார்த்தால், தாயிடம் திரும்புதல். கடனுக்குப் போன பிள்ளை வீடு திரும்புவது அது.

இதை விளக்கும்போது, செங்கல் சூளை முன்பணம் மாதிரி என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். மூலையில் இருந்த பையன் நிமிர்ந்தான். "எங்க தாத்தா வாங்குனத எங்கப்பாதான் சார் கழிச்சாரு." கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது என்று அவனிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை.

அப்புறம், விவசாயம் வந்தது, கூடவே அடிமை முறையும் வந்தது என்று ஒரே போடாகப் போட்டுவிடாதீர்கள். வட அமெரிக்காவின் வடமேற்குக் கரையில் ட்லிங்கிட், ஹைடா மக்கள் தானியம் விதைத்தவர்கள் அல்ல. சால்மன் மீனைக் காயவைத்துச் சேர்த்தார்கள், அடிமைகளும் வைத்திருந்தார்கள். அன்றாடம் கிடைத்ததை அன்றே தின்றுவிட்டு இடம் மாறும் வேட்டைக் கூட்டத்துக்கு இன்னொருவனைக் கட்டிவைத்துச் சோறு போட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. சேமிக்கப் பண்டமும், அதைப் பதப்படுத்த ஓயாத வேலையும் இருக்கும் இடத்தில்தான் அடுத்தவன் உழைப்பின் மேல் கண் விழுகிறது. நான் புரிந்துகொண்ட வரையில் ஏரைப் பார்க்கும் முன் சேமிப்புக் குதிர் இருந்ததா என்று பார்க்க வேண்டும்.

கூடுதலாக ஒரு பக்கம் கேட்கிறேன், அவ்வளவுதான். இடம் இல்லையென்றால் சிகுராத் படத்தைக் கொஞ்சம் சின்னதாகப் போடுங்கள். அந்த முக்கோணத்தையும் மூன்று மேடுகளையும் மட்டும் பெரிதாக அச்சடியுங்கள். என் திண்ணையில் பிள்ளைகள் சாக்பீஸால் வரைந்தது இன்னும் அழியவில்லை.