ஐசியு சிஸ்டருக்கும் டாக்டருக்கும் நன்றி

அன்புடையீர்,

நிமோனியா முற்றி, பிரஷர் இறங்கிக்கொண்டே போன நிலையில்தான் எங்கள் அப்பாவைக் குலசேகரத்திலிருந்து நாகர்கோவிலுக்குக் கொண்டு வந்தோம். இப்போது திண்ணையில் இருந்து ரப்பர் விலையைப் பேப்பரில் பார்த்துத் திட்டுகிறார். அந்த அளவுக்குத் தேறிவிட்டார்.

பிரஷரைத் தூக்கும் மருந்தைக் கைநரம்பில் வெகுநேரம் ஓட்ட முடியாது, கழுத்துப் பெருநரம்பில் லைன் (மருந்து ஏற்றும் குழாய்) போட வேண்டும் என்றார்கள். ஐசியுவில் அன்றாடம் நடக்கிற வேலைதான். ஊசி வழியாக மெல்லிய வயரை விட்டு, அதன் மேலேதான் குழாயை ஏற்றுவார்களாம். அந்த வயரின் நுனி இதயத்துக்குள் உரசியதும் துடிப்பு தறிகெட்டு ஓடியிருக்கிறது. டாக்டரின் கண் அப்போது கழுத்தில். மானிட்டர் சத்தம் மாறியதைக் கேட்டு, "சார், ரிதம் மாறுது" என்று குரல் கொடுத்தவர் அந்த சிஸ்டர்தான். வயரைப் பின்னால் இழுத்தால் பெரும்பாலும் தானே அடங்கிவிடும். அப்பாவுக்கு அடங்கவில்லை; துடிப்பைச் சீராக வைக்கும் பொட்டாசியம் என்ற உப்பும் வயிற்றுப்போக்கில் குறைந்திருந்தது. ஷாக் கொடுத்த பிறகே துடிப்பு நேரானது.

இத்தனையும் டாக்டரே வெளியே வந்து சொன்னது. அம்மாவைப் பெஞ்சில் உட்கார வைத்து, மருந்து பில்லின் பின்பக்கம் படம் போட்டார். வலது கழுத்திலிருந்து இதயத்தின் வாசலுக்கு 16, 18 சென்டிமீட்டர்தான், ஒரு சாண்கூட இல்லை. வயரோ 60 சென்டிமீட்டர். "கொஞ்சம் கூடுதலா உள்ளே போயிட்டும்மா, அதனால வந்தது" என்றார். சொல்லாமல் விட்டிருந்தால் எங்களுக்குத் தெரிந்திருக்கப் போவதே இல்லை. ஷாக் என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே சண்டைக்கு எழுந்த மாமாகூட, படத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். (மாமாவைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும்.)

தக்கலை நெரிசலில் வழி பிடித்து வந்த 108 ஓட்டுநருக்கும், காப்பீட்டுத் திட்டக் கவுண்டரில் அம்மாவுக்காகப் படிவம் எழுதித் தந்த தம்பிக்கும், அப்பா வெட்ட வேண்டிய ரப்பர் மரங்களையும் சேர்த்துப் பால் வெட்டிய தோட்டத்துக்காரர்களுக்கும் எங்கள் நன்றி.

சிஸ்டர், அடுத்த செக்கப்புக்கு வரும்போது அம்மா ஒரு மட்டி வாழைக்குலை கொண்டு வருவார். வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள், வீட்டில் பழுக்கத் தொடங்கிவிட்டது.

இப்படிக்கு,
பால்வெட்டுத் தொழிலாளியின் மகள்,
குலசேகரம்