ஓடி முடிச்சப்பறம் போட்டோ போடறீங்க, ஓடறதுக்கு முன்னாடியே சொல்லுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

வருஷா வருஷம் கோயமுத்தூர் மாரத்தான் முடிஞ்ச அடுத்த நாளு நம்ம பேப்பர்ல போட்டோ பெருசா வருது, எல்லாரும் ஒரே கலர் டீசர்ட்ல சிரிச்சுட்டு ஓடறாங்க, பாக்க நல்லாத்தான் இருக்குதுங்க, ஆனா அதப் பாத்துட்டு நாமளும் ஓடிப் பாக்கலாமேன்னு நெனைக்கறவனுக்கு அடுத்த வருஷம் வரைக்கும் அந்த நெனப்பு தங்குமா சொல்லுங்க.

நான் திருப்பூர்ல பனியன் கம்பெனில கணக்கு பாக்கறவனுங்க. பொழுதுக்கும் சேர்ல உக்காந்தே வேலை, ஷிப்மெண்ட் நேரம்னா ராத்திரியும் அங்கயேதான். சுகர் வர்ற மாதிரி இருக்குது நடங்கன்னு டாக்டர் சொன்னாரு, அதெல்லாம் யாரு கேக்கறா. இந்த வாட்டி 5 கிலோமீட்டருக்குப் பேர் குடுத்தப்பறம்தான் வெள்ளன எந்திரிக்கவே ஆரம்பிச்சிருக்கறேன். இந்த மாரத்தான் 2013ல ஆரம்பிச்சது, கோயம்புத்தூர் கேன்சர் ஃபவுண்டேஷனுக்காக நடக்குது, எங்க செக்சன்ல ஒருத்தரோட அம்மா அந்த நோய்க்குத்தான் வைத்தியம் பாத்துட்டு இருக்கறாங்க. நான் ஓடி முடிச்சா அந்த அம்மாவுக்கு ஆளுக்கு இவ்வளவு காசு தர்றோம்னு கம்பெனில எல்லாரும் எழுதிக் குடுத்துட்டாங்க, குடுத்துட்டு சும்மா இருக்கறாங்களா, டீ குடிக்கறப்ப எல்லாம் "அண்ணா இன்னிக்கு ஓடுனீங்களா"ன்னு கேள்வி. கட்டுன பீஸ் கூட போனாப் போகுதுன்னு விட்டுறலாம்ங்க, இந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது. வூட்ல அம்மிணிகூட மொதல்ல சிரிச்சா, இப்ப அவளே அலாரம் வெக்கறா.

நம்ம பக்கத்து சனத்துக்கு இதெல்லாம் புதுசாங்க? தைப்பூசத்துக்குப் பழனி நடக்கறவங்களப் பாருங்க, மத்த நாள்ல முக்குக் கடைக்கே வண்டியில போறவங்க, வேண்டிக்கிட்டாங்க, தேதி தெரியும், ஊருக்கே தெரியும், அதனால நடந்துர்றாங்க.

ஆனா தேதி ரொம்பப் பக்கத்துல தெரிஞ்சா பிரயோசனம் இல்லீங்க. ஓடியே பழக்கமில்லாதவங்களுக்குன்னு 1996ல ஜோஷ் க்ளார்க்னு ஒரு அமெரிக்காக்காரரு போட்ட 9 வாரத் திட்டம் இருக்குது, வாரத்துக்கு மூணு நாளு, மொத வாரத்துல 60 செகண்டு ஓட்டம் 90 செகண்டு நடை, அப்படியே கொஞ்சம் கொஞ்சமா கூட்டிட்டுப் போயி கடைசில அர மணி நேரம் நிக்காம ஓடறது. அத நம்பித்தான் நானும் போறேன். இந்த ஓட்டம் இப்பல்லாம் டிசம்பர்ல நடக்குதுங்களா, அப்ப பழகற காலம் பூரா ஐப்பசி கார்த்திகை மழைல மாட்டுது, நாலு நாளு மழை புடிச்சுதுன்னா ஒரு வாரம் போச்சு, முழங்கால் வலின்னு ஒரு வாரம், அதனால மூணு மாசமாவது கையில வேணும். கோயமுத்தூர்ல இருக்கறவங்களுக்கு ரேஸ்கோர்ஸ் இருக்குது, ஒரு சுத்து சுமாரா இரண்டரை கிலோமீட்டர், ரெண்டு சுத்து வந்தா கணக்கு முடிஞ்சுது. எங்களுக்கு ரோடும் நாயும்தான்.

இன்னொண்ணுங்க. இப்ப எந்த ஊர்ல பாத்தாலும் ஏதோ ஒண்ணுக்காக ஓட்டம்னு பேனர் கட்டறாங்க, டீசர்ட்டு மெடலு செலவு எல்லாம் போக அந்தக் காரியத்துக்கு எவ்வளவு போகுதுன்னு நீங்கதான் கேட்டு எழுதோணும், நாங்க கேட்டா யாரு சொல்லுவா.

அதனால ஈரோடு, பொள்ளாச்சி, கரூர்னு நம்ம பக்கம் எங்க ஓட்டம் இருந்தாலும் மூணு மாசம் முன்னாடியே ஓரத்துல ஒரு சின்னக் கட்டம் கட்டிப் போடுங்க. தேதி, கட்டணம், காசு யாருக்குப் போகுது, நடந்து முடிச்சாலும் ஒத்துக்குவாங்களா, கடைசி ஆளு வர்ற வரைக்கும் தண்ணி வெச்சிருப்பாங்களா, இவ்வளவு போதும்ங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருப்பூர்